தகடூரும் தர்மபுரியும்: வாத்தியாரோடு ஒரு பழைய வழக்கு

1976-ஆம் வருஷம் தொப்பூரிலிருந்து தர்மபுரிக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். நில அளவைத் துறையில் எனக்கு வேலை. நல்லம்பள்ளியில் ஒரு தமிழ் வாத்தியார் ஏறுவார். கதர்ச் சட்டை, கையில் துணிப்பை, பைக்குள் எப்போதும் இரண்டு புத்தகம். பேர் சொல்ல வேண்டாம், அவர் குடும்பத்தார் இங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் நடந்த ஒரு வழக்கு ஏறக்குறைய இருபத்தேழு வருஷம் ஓடியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் என் பக்கம் எவ்வளவு பலவீனம் என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது.

ஆரம்பித்தது ஒரு சின்ன விஷயத்தில். அதியமான்கோட்டை நிறுத்தத்தில் பஸ் நின்றபோது நான் விளையாட்டாக, "ஏன் வாத்தியாரே, ஒரு பாட்டிக்கு நெல்லிக்கனி கொடுத்த ராஜாவை விட்டால் நம்ம ஊருக்கு வேற சரித்திரமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அசோகன் கல்லிலேயே நம்ம ஊர்க்காரன் இருக்கானுங்க சர்வேயர்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கட்டுரை.

அசோகனுடைய இரண்டாம் பாறைக் கட்டளை, மனுஷருக்கும் மிருகத்துக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. தன் ராஜ்யத்தில் மட்டுமல்ல, எல்லைக்கு அப்பால் இருப்பவர்களிடமும் செய்தேன் என்று சொல்லி, தெற்கே இருப்பவர்களை வரிசைப்படுத்துகிறான். சோழர், பாண்டியர், சதியபுதோ, கேதலபுதோ, பிறகு தாமிரபரணி என்ற இலங்கை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. சோழனும் பாண்டியனும் யாரென்று எல்லோருக்கும் தெரியும். கேதலபுதோ என்பது கேரளபுத்திரன், சேரன். நடுவில் நிற்கிற இந்த சதியபுதோ யார்?

இதற்கு அறிஞர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். துளு நாட்டான் என்றார் ஒருவர். சத்தியமங்கலம் என்றார் இன்னொருவர். காஞ்சிக்கு சத்தியவிரத க்ஷேத்திரம் என்று பேர் உண்டு, அதனால் காஞ்சி என்றார்கள். வாய்மை தவறாத கோசர் என்றும் சொன்னார்கள். கே.ஜி. சேஷய்யர் மட்டும், இவன் தகடூர் அதியமானாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். வாத்தியார் அவர் கட்சி. நான் துளு நாட்டுக் கட்சி. எனக்கு அதில் ஒரு பிடிப்பும் கிடையாது, அவரை மறுக்க வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொண்டது.

வாத்தியார் சொன்ன காரணம் எளிமையானது. சேரமான் என்ற சொல்லில் 'மான்' என்பது மகன். வடக்கே அதை மொழிபெயர்த்தால் கேரளபுத்திரன். அதே கணக்கில் அதியமான் என்றால் அதிய புத்திரன். முன்னால் ஒரு 'ஸ' இருந்தால் சதியபுத்திரன் ஆகிவிடும். ஸ என்ற ஒலி தமிழில் உதிர்ந்துபோவது புதிதல்ல, சமணர் அமணரானார்கள், சிராவணம் ஆவணியானது. இதைப் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொல்லுவார். நான், "எழுத்தை வெட்டி ஒட்டினால் யாரையும் யாராகவும் ஆக்கலாம். கல்லைக் காட்டுங்க" என்பேன்.

அந்தக் காலத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தகடூர்தான் தர்மபுரி என்பதையே நான் முழுதாக நம்பவில்லை. மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூடு தாலுக்காவில் ஒரு தகடூர் இருக்கிறது. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் தகட்டூர் இருக்கிறது. தர்மபுரி என்ற பேரும் நமக்கு மட்டும் சொந்தமல்ல, தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் நரசிம்ம சுவாமி கோயிலோடு ஒரு பெரிய தர்மபுரி இருக்கிறது. நம் பாட்டில் வருகிற தகடூர் இந்த ஊர்தான் என்று எதை வைத்துச் சொல்வது? பேர் ஒன்றாக இருந்தால் நிலம் ஒன்றாகிவிடாது. அளவைத் துறையில் முதல் மாதமே கற்றுக்கொடுக்கிற பாடம் அது.

இந்தச் சந்தேகத்தை வாத்தியார் ஒரே நாளில் தீர்த்துவிட்டார். தர்மபுரியில் கிடைத்த ஒரு தூணில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சக வருஷம் 815, அதாவது கி.பி. 893. நிதியண்ணன், சண்டியண்ணன் என்று இரண்டு சகோதரர்கள், வணிகக் குடும்பத்தார், தகடூரில் ஒரு ஜைனப் பள்ளி கட்டினார்கள். மன்னன் மூலப்பள்ளி என்ற ஊரை நிதியண்ணனுக்குக் கொடுக்க, அவன் அதைக் கனகசேனர் என்ற ஜைன ஆசாரியரிடம் பள்ளியின் பராமரிப்புக்காக ஒப்படைத்தான். மகேந்திரன் மகன் அய்யப்பதேவன் காலத்திலும் அந்தப் பள்ளிக்கு ஒரு ஊர் கிடைத்தது. அரச பாட்டல்ல, வீரகதையல்ல. கட்டடம் கட்டினான், நிலம் எழுதி வைத்தான் என்ற பத்திரம். எங்களைப் போன்றவர்களுக்குப் புரிகிற பாஷை. தகடூரில் கட்டினேன் என்று சொல்லும் கல் தர்மபுரியில் நிற்கிறது என்றால், அதற்கு மேல் நான் என்ன பேச?

ஆக ஊர் விஷயத்தில் நான் தோற்றேன். ராஜா விஷயத்தில் விடவில்லை.

இங்கே சங்கப் பாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், உங்களில் பெரும்பாலோருக்கு அது பள்ளிக்கூடத்திலேயே பாடம். அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவையார் அவனோடு இருந்து பாடியவர், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். குதிரைமலை அவனுடையது. அவன் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு சொல்கிறது. கடைசியில் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான். 'தகடூர் எறிந்த' என்பதையே பட்டப்பேராக வைத்துக்கொண்டான். பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து அவன் மேல் அரிசில் கிழார் பாடியது. அந்த யுத்தத்தைப் பற்றியே தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது, அதில் இன்று கிடைப்பது சில பாட்டுகள் மட்டும். நம்ம ஊர் பேரில் ஒரு முழு நூல் இருந்து தொலைந்துபோயிருக்கிறது. ஓலைச்சுவடி ஒன்று எங்காவது ஒரு பரணில் கிடைக்கக் கூடாதா என்று வாத்தியார் எங்கே போனாலும் பழைய வீட்டுப் பரணைப் பார்ப்பார். நிஜமாகவே ஏணி கேட்டு ஏறிப் பார்த்திருக்கிறார்.

1981-ல் விழுப்புரம் மாவட்டம் என்று ஒன்று கிடையாது, திருக்கோயிலூர் தென்னார்க்காட்டில் இருந்தது. (இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்.) அந்தத் திருக்கோயிலூருக்கு மேற்கே, பெண்ணையாற்றுப் பக்கம், ஜம்பை என்ற கிராமத்தில் ஒரு பாறைக் குகையில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு வரி இருப்பதைத் தமிழ்நாடு தொல்லியல் துறையைச் சேர்ந்த செல்வராஜ் கண்டுபிடித்தார். அப்போது துறைக்கு இரா. நாகசாமி இயக்குநர். அந்த ஒரு வரி சொல்வது இவ்வளவுதான்: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி இந்தப் பாளியைக் கொடுத்தான். பாளி என்றால் துறவிகள் தங்குகிற இடம்.

பேப்பரில் செய்தி வந்த அன்று வாத்தியார் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. பேப்பரை மடித்து என் மடியில் வைத்தார். தர்மபுரி வந்து இறங்குகிறவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அசோகன் கல்லில் உள்ள அதே சொல், அதே வடிவில், பிராகிருதமாகவே, அதியமானுடைய பேருக்கு முன்னால் பட்டமாக நிற்கிறது. மிச்சமெல்லாம் தமிழ். சேஷய்யர் ஊகமாகச் சொன்னதை ஒரு குகை உறுதி செய்துவிட்டது. ஐராவதம் மகாதேவன் இதைக் கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணிக்கிறார். அப்படியென்றால் அசோகன் காலத்து ஆள் இந்த அஞ்சி அல்ல. அவன் குடும்பம் அசோகன் காலத்திலேயே பேர் பெற்றிருந்தது, அந்தப் பேரை முந்நூறு வருஷம் கழித்தும் இவன் விடாமல் போட்டுக்கொண்டான். கல்வெட்டு உண்மையானதுதானா என்று ஆரம்பத்தில் சந்தேகப்பட்டவர்களும் உண்டு. வேண்டியவன் வேண்டிய இடத்தில் வேண்டிய சொல்லோடு கிடைத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

எனக்கும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. உண்மையைச் சொன்னால், தோல்வியை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் தேடிப் பிடித்த சந்தேகம். "தகடூர்க்காரன் தகடூரில் அல்லவா கல் வெட்டணும்? எங்கேயோ திருக்கோயிலூரில் போய் எதற்கு வெட்டுகிறான்? அது மலையமான் ஊராச்சே?" என்றேன். வாத்தியார் முதலில் புறநானூற்றுப் பதில் சொன்னார். அதியமான் மலையமானுடைய கோவலூரைப் போரில் வென்றான், அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையாரே சொல்கிறார். வென்றவன் அங்கே ஒரு தானம் செய்திருக்கிறான், பொருந்துகிறது. பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சர்வேயர். தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்திருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டீங்க."

அப்போது எனக்கு அது குத்தலாகப் பட்டது, அர்த்தம் புரியவில்லை. அலுவலகத்தில் தாலுக்கா வரைபடத்தை விரித்தபோதுதான் புரிந்தது.

நம்ம தொப்பூரில் பெய்கிற மழை தொப்பையாற்றில் இறங்கி மேற்கே போகிறது. போய்ச் சேருகிற இடம் காவிரி, இப்போது மேட்டூர் நீர்த்தேக்கம். தர்மபுரியில் பெய்கிற மழை அப்படிப் போவதில்லை. வத்தல்மலைப் பக்கமிருந்து வருகிற சனத்குமார நதி அந்தத் தண்ணீரைக் கிழக்கே கொண்டுபோய்ப் பெண்ணையாற்றில் விடுகிறது. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கிற பஸ் பாதையில், நடுவில் உள்ள மேட்டில் எங்கேயோ ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் விழுகிற துளி பூம்புகாருக்கும், அந்தப் பக்கம் விழுகிற துளி கடலூருக்கும் போகிறது. தினமும் இரண்டு தடவை அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன், கவனித்ததில்லை. சனத்குமார நதியை இன்றைக்குப் பார்க்கிறவர்கள் அதை நதி என்று சொன்னால் சிரிப்பார்கள். சாக்கடையும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிறது. ஆனால் வரைபடத்தில் ஒரு விரலை வைத்து அது போகிற வழியே நகர்த்தினால் பெண்ணையாற்றில் கொண்டுபோய் விடும். பெண்ணையாறு இருமத்தூர் தாண்டி, சாத்தனூர் தாண்டி, ஜம்பைப் பக்கமாகப் போய்த் திருக்கோயிலூரைத் தொடும்.

நம்ம தகடூருக்கு ஆறில்லை, வெறும் ஏரி ஊர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உறையூருக்கு, கரூருக்கு, மதுரைக்கு ஆறு இருக்கிறது, அதனால் அவை பட்டணமாயின என்று சொல்வார்கள். தகடூரும் ஆற்று ஊர்தான். அது பெண்ணையின் கிளை ஒன்றின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதியமான் தன் தண்ணீர் போகிற வழியே போய்த்தான் கோவலூரைப் பிடித்தான். அவனை அழிக்க வந்த சேரன் காவிரிப் பக்கத்திலிருந்து ஏறி வந்திருக்கிறான். கரூரிலிருந்து தகடூருக்குப் படை நடத்துகிறவன் நம்ம கணவாய் வழியாக வந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்பது என் சொந்தக் கருத்து, எந்தப் பாட்டிலும் அப்படி இல்லை. பிற்காலத்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். 1768 டிசம்பரில் ஹைதர் அலி பாராமஹாலை மீட்டுக்கொண்டு தெற்கே பாய்ந்தபோதும், 1790 நவம்பரில் திப்பு சுல்தான் முன்னாலும் ஜெனரல் மெடோஸ் பின்னாலும் ஓடியபோதும் தொப்பூர்க் கணவாய்தான் வழி. இப்போது லாரிகள் ஓடுகின்றன. இரட்டைப் பாலத்துப் பக்கம் வாரம் ஒரு விபத்து என்று பேப்பரில் வருகிறதே, அந்த இறக்கம் எந்தக் காலத்திலும் யாரையும் சுகமாக விட்டதில்லை போலிருக்கிறது.

அதியமான் குலம் சேரன் அடித்த அடியில் முடிந்துபோயிற்று என்றுதான் பள்ளியில் படித்தோம். அது தப்பு. நாமக்கல் மலையில் ரங்கநாதர் படுத்திருக்கிற குடைவரைக்குக் கல்வெட்டில் உள்ள பேர் அதியேந்திர விஷ்ணுகிருகம். அதிய குலத்துக் குணசீலன் செய்வித்தது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் காவிரியின் வடகரையில் அதியனோடு சண்டை போட்டதைச் செப்பேடு சொல்கிறது. அதியனுக்குப் பல்லவனும் கேரளனும் உதவிக்கு வந்தார்களாம். 1116 வாக்கில் சோழருக்காகத் தலைக்காட்டைக் காத்துக்கொண்டிருந்த ஓர் அதியமானை ஹொய்சள தளபதி கங்கராஜன் விரட்டினான். அதற்கும் பிறகு, மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், தகடூரில் விடுகாதழகிய பெருமாள் என்று ஒருவன். கம்பைநல்லூரில் குலோத்துங்கனுடைய 22-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1199-1200 வாக்கில், அவனைக் குறிப்பிடும் கல்வெட்டு இருக்கிறது. பாலாறு, பெண்ணை, பொன்னி என்ற மூன்று ஆற்று நாட்டுக்கும் உரியவன் என்று அவனைப் புகழ்கிற கல்வெட்டும் உண்டு. பார்த்தீர்களா, அவனுக்கே தெரிந்திருக்கிறது தன் ஊர் எந்தத் தண்ணீருக்கு நடுவில் இருக்கிறது என்று. அசோகன் முதல் விடுகாதழகியன் வரை சுமார் ஆயிரத்து நானூறு வருஷம், ஒரே குலப்பேர். பல்லவர்கூட அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கவில்லை.

இந்த விடுகாதழகியனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு அவனுடையது. போளூர்ப் பக்கம் திருமலை என்ற ஜைன மலை இருக்கிறது. பழைய காலத்தில் தன் குலத்து எழினி என்பவன் அங்கே யக்ஷன், யக்ஷி சிலைகளை வைத்தான், அவை சிதைந்துவிட்டன, நான் அவற்றைச் செப்பனிட்டுத் திரும்ப வைத்தேன், சேகண்டி ஒன்று கொடுத்தேன், கால்வாய் ஒன்று வெட்டினேன் என்று எழுதி வைத்திருக்கிறான். தமிழிலும் இருக்கிறது, வடமொழியிலும் இருக்கிறது. வடமொழியில் எழுதியவர் பேர்களையெல்லாம் மொழிபெயர்த்துவிட்டார். எழினி என்றால் திரைச்சீலை, ஆகவே யவனிகா. விடுகாதழகியன், அதாவது ஆபரணம் இல்லாமலே அழகாயிருக்கிற காதுடையவன், அவனுக்கு வியாமுக்த சிரவணோஜ்வலன். இவ்வளவு உற்சாகமாக மொழிபெயர்த்தவர் ஊர் பேருக்கு வந்தபோது கையை எடுத்துவிட்டார். தமிழில் தகடை, வடமொழியில் தகடா. அவ்வளவுதான்.

அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தகடு என்றால் உலோகத் தகடு, நம்ம பக்கம் இரும்பு உருக்கிய ஊர்கள் நிறைய, அதனால் தகடூர் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதுண்டு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 1200 வாக்கில், பேர்களுக்கு அர்த்தம் பார்த்து மொழிபெயர்ப்பதையே வேலையாக வைத்திருந்த ஒரு புலவர் தகடு என்ற சொல்லை அதில் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் தொடவில்லை. அந்தக் காலத்திலேயே அது அர்த்தம் கேட்கப்படாத பழம்பேராகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னை என்று சொல்லும்போது யார் அர்த்தம் யோசிக்கிறார்கள்?

அப்படி யாரும் தொடாமல் விட்ட பேர் பிறகு எப்படிப் போயிற்று? 1768 பிப்ரவரியில் கர்னல் வுட் கோட்டையைப் பிடித்தபோது இங்கிலீஷ்காரர்கள் எழுதியது தரம்பூரி என்றுதான். நடுவில் ஹொய்சளர், விஜயநகரம், மைசூர் என்று கை மாறிக்கொண்டே இருந்ததில் பழம்பேர் வழக்கிழந்துவிட்டது. தர்மபுரி என்ற பேருக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், தர்மர் வந்தார், தர்மம் நடந்தது என்று. எதற்கும் நான் கல்லைப் பார்க்கவில்லை, ஆகவே எழுதவில்லை. புரி என்று முடிகிற பேர் படித்தவர் வைக்கிற பேர், ஆடு மேய்க்கிறவன் வைக்கிற பேரல்ல என்பது மட்டும் நிச்சயம்.

1792-ல் திப்புவோடு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை ஆனதும் பாராமஹால் கம்பெனிக்கு வந்தது. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் மேலதிகாரி. அவருக்குக் கீழே தர்மபுரியில் இருந்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் மதராஸ் கவர்னரானாரே, அவர்தான். 1799 வரை ஏழு வருஷம் இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நிலத்தை அளந்து தீர்வை கட்டினார்கள். ரயத்துவாரி முறைக்கு விதை இங்கேதான் விழுந்தது. எங்கள் துறைக்கு அவர்கள் முப்பாட்டன் மாதிரி. மன்றோ தர்மபுரியில் ஒரு தோட்டம் போட்டு, அதைப் பற்றி ஊருக்குக் கடிதமெல்லாம் எழுதியிருக்கிறார். மாற்றலாகிக் கன்னடக் கரைக்குப் போன பிறகும் பாராமஹாலை நினைத்து ஏங்கினார். நிலத்தை அளந்து, பேரைப் பதிந்து, தீர்வை எழுதும்போது பதிவேட்டில் ஏறியது தர்மபுரி. அதற்கப்புறம் தகடூர் திரும்பி வருகிற வழி அடைபட்டுப்போயிற்று. பட்டாவில் ஏறாத பேர் எவ்வளவு நாள் நிற்கும்? அது என் சர்வீஸில் நான் கண்ட உண்மை. ஊரார் வாயில் வழங்குகிற எத்தனையோ பேர், பதிவேட்டில் குமாஸ்தா எழுதிய பிழையின் முன்னால் தோற்றுப்போய்விடும்.

1965 அக்டோபர் 2-ந்தேதி சேலத்திலிருந்து பிரித்து மாவட்டம் ஆக்கியபோதும் தர்மபுரி என்றே வைத்தார்கள். (தர்மபுரியா தருமபுரியா என்ற சண்டை தனி. கலெக்டர் ஆபீஸ் பலகையையும் பஸ் பலகையையும் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.) அதியமான்கோட்டையில் அதியமானுக்கும் ஔவைக்கும் கோட்டம் கட்டியிருக்கிறார்கள். அரசாங்கம் கட்டியதற்கு முன்பும் அந்தக் கிராமம் அந்தப் பேரைத் தானாகவே விடாமல் வைத்திருந்தது. தலைநகரம் தன் பேரை விட்டுவிட்டது, பக்கத்துக் கிராமம் ராஜாவின் பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வாத்தியாருக்கு அதியமான்கோட்டை தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னலை நோக்கி லேசாகத் தலை சாய்க்கிற பழக்கம் இருந்தது. கோயிலுக்குச் செய்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1982-ல் ஒரு முழுப்பரீட்சை லீவில் அவர் என்னை ஜம்பைக்குக் கூப்பிட்டார். திருவண்ணாமலை போய், அங்கிருந்து பஸ் மாறிப் போகலாம், ஒரே நாளில் திரும்பிவிடலாம், நான் சோறு கட்டி எடுத்து வருகிறேன் என்றார். எனக்கு லீவு கிடைக்காது என்றேன். லீவு இருந்தது. தோற்ற வழக்கின் தீர்ப்பை நேரில் போய்ப் படிக்க மனசு வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒரு தடவை கேட்பார், நான் ஏதாவது சொல்வேன். அவரும் தனியாகப் போகவில்லை. 2003-ல் காலமானார். ஜம்பையைப் பார்க்காமலே போனார் என்று அவர் மகன் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. யாரையோ கூட்டிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். சர்வேயரோடுதான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஓய்வு பெற்ற பிறகு, 2011 தை மாதம், நான் போனேன். அதே வழி, திருவண்ணாமலை, பிறகு பஸ் மாறி. வாத்தியாருடைய புறநானூற்றை அவர் மகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே மலை, வெயில். அந்தக் குகையை ஊர்க்காரர்கள் தாசிமடம் என்கிறார்கள். பாறை எழுத்து என்றதும் பெரிதாக, கோயில் கல்வெட்டு மாதிரி இருக்குமென்று எதிர்பார்த்துப் போனேன். ஒரே ஒரு வரி. படிக்கத் தெரியாது, ஆனால் புத்தகத்தில் படம் பார்த்துப் பழகியதால் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு 'அஞ்சி' வரைக்கும் விரலைக் காற்றில் நகர்த்திக்கொண்டே போனேன். துறவிகள் படுக்கிற இடம் அது. பிச்சையெடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இடம் கொடுத்ததைச் சொல்லும்போது அவன் தன் குலப்பட்டத்தை முழுதாகப் போட்டுக்கொண்டிருக்கிறான், ஊர் பேரைப் போடவில்லை. தகடூர் என்ற சொல் அந்த வரியில் கிடையாது. இத்தனை வருஷம் வழக்காடிய இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

புத்தகத்தைத் திறந்து, கோவலூர் வெற்றியைச் சொல்கிற அந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தின் ஓரத்தில் வாத்தியார் பென்சிலால் எழுதியிருந்தார்: 'சர்வேயருக்குக் காட்ட.'

கீழே இறங்கி வரும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எந்த ஊரு சாமி, இந்த வெயில்ல?" என்று கேட்டாள்.

"தகடூரும்மா" என்றேன்.

"அது எந்தப் பக்கம்?"

"தர்மபுரிப் பக்கம்."

"ஓ, தர்மபுரியா? எங்க பெரிய பொண்ணை அரூர்லதான் குடுத்திருக்கோம்" என்றாள். "அங்க மழை உண்டா? இங்க ஆத்துல தண்ணியே வரல."

இந்த வருஷம் எங்க பக்கமும் குறைச்சல்தான் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.